கண்டன்சரை மாற்றும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடி ஒன்று உன் கைக்கு வந்திருக்கிறது என்று படித்ததும் மகிழ்ந்தேன். அதில் ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள பழைய கண்டன்சர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, கிடைப்பதிலேயே விலை உயர்ந்ததாக வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு. நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: வடிவமைத்தவர் போட்ட கணக்கு காலப்போக்கில் எங்கே பிசகியதோ, அங்கே மட்டும் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்கியது என்று தெரிந்துகொள். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கவுஸ்டிக் ரிசர்ச் (ஏஆர்) நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தது வில்ச்சரின் கண்டுபிடிப்பு. 1956இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. குவிமாட வடிவ ட்வீட்டருடன் ஏஆர்-3 1958இல் வந்தது. உன்னிடம் இருப்பது 1967இல் அதன் வாரிசாக வந்த மாடல். அந்த நிறுவனம் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் இசைக் குழுவை மேடையில் வாசிக்க வைத்து, நடுவே அவர்கள் வாசிப்பை நிறுத்தியதும் ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் தொடர விட்டது. எந்த இடத்தில் மாறியது என்று சொல்லக் கேட்டவர்கள் திணறினார்கள். அசல் வாத்தியத்தோடு ஒப்பிட்டு அமைத்த ஒலி அது. அதை நம் ருசிக்கு மாற்ற அவசரப்படாதே.

இனி கிராஸ்ஓவருக்கு வருவோம். பெட்டியில் கீழ்ச்சுருதிக்கு 12 அங்குல வூஃபர், நடுச்சுருதிக்கு ஒன்றரை அங்குல மிட்ரேஞ்ச், மேல்சுருதிக்கு முக்கால் அங்குல ட்வீட்டர் என்று மூன்று இருக்கின்றன. 575 ஹெர்ட்ஸிலும் 5,000 ஹெர்ட்ஸிலும் ஒலி பிரிகிறது. அதற்கு 6, 50, 150 மைக்ரோஃபாரட் அளவில் மூன்று கண்டன்சர்கள். 6 ட்வீட்டருக்கும் 50 மிட்ரேஞ்சுக்கும் போகும் வழியில் நின்று, கீழ்ச்சுருதிகளைத் தடுக்கின்றன. 150 வூஃபருக்குக் குறுக்கே நின்று, அதற்கு வேண்டாத மேல்சுருதிகளைத் திருப்பிவிடுகிறது.

ட்வீட்டரின் கண்டன்சரை மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். 6 மைக்ரோஃபாரட் 5,000 ஹெர்ட்ஸில் காட்டும் தடை சுமார் 5.3 ஓம். வயதாகி அது 4 மைக்ரோஃபாரடாகத் தேய்ந்தால் தடை ஏறக்குறைய 8 ஓம் ஆகிவிடும். ட்வீட்டரில் எந்தக் குறையும் இல்லாமலே ஜால்ராவின் கணீர் ஒலியும் வயலின் வில்லின் உரசலும் மங்கிப்போகும்.

இது ஏன் நடக்கிறது? பழைய கிராஸ்ஓவர்களில் வரும் இருமுனை எலெக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள் அலுமினியத் தகடும் திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பல ஆண்டுகளில் அந்தத் திரவம் சிறிது சிறிதாக வறண்டு, மைக்ரோஃபாரட் குறையும், உள்தடை ஏறும். சிலவற்றில் உள்ளே மின்கசிவு தொடங்கும். அப்போது சாதாரண மீட்டர் உண்மையைவிட அதிக மைக்ரோஃபாரட் காட்டும். எண் பெரிதாக வந்தது என்பதற்காகக் கண்டன்சர் நல்லது என்று நம்பிவிடாதே. உள்தடையையும் சேர்த்துக் காட்டும் எல்சிஆர் மீட்டரால் அள. அளக்கும்போது ஒரு காலையாவது சர்க்யூட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்ற பாகங்களும் கணக்கில் கலந்துவிடும்.

கண்டன்சரைவிட முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்புறமுள்ள இரண்டு கண்ட்ரோல்களை. மிட்ரேஞ்சையும் ட்வீட்டரையும் கூட்டிக் குறைக்க வைத்தவை அவை. உள்ளே சுற்றியிருக்கும் கம்பியிலும் அதைத் தொட்டு நகரும் தகட்டிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், ஓரிடத்தில் ட்வீட்டர் உயிர்த்து அடுத்த இடத்தில் அணைந்தால், குற்றவாளி இந்தக் கண்ட்ரோல்தான். ட்வீட்டர் செத்துவிட்டது என்று நினைத்து, கிடைப்பதற்கு அரிய நல்ல ட்வீட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கண்ட்ரோலைக் கழற்றித் திறந்து, களிம்பைத் தேய்த்து எடுத்து, தொடுமிடம் பளபளப்பாகும்வரை சுத்தம் செய். கம்பி அரித்து அறுந்திருந்தால் மட்டும் மாற்று.

திறக்கும் வேலையை நிதானமாகச் செய். பெட்டியைப் படுக்க வைத்து, வூஃபரின் திருகுகளைக் கழற்று. ஸ்க்ரூ டிரைவரை இறுகப் பிடித்துக்கொள். வூஃபரின் காந்தம் அதைச் சட்டென்று இழுத்தால் முனை காகிதக் கூம்பைக் கிழித்துவிடும். கூம்பின் விளிம்பு நுரையால் ஆனதா என்று அப்போதே பார். விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தால் அதையும் மாற்றாமல் பயனில்லை. உள்ளே அடைத்திருக்கும் பஞ்சு கண்ணாடி நாராக இருக்கலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எடு. எடுத்தது அவ்வளவையும் திரும்ப வை, அதன் அளவு மாறினால் பாஸ் மாறும். ஒரு கம்பியைக்கூடக் கழற்றும் முன் நாலு பக்கமிருந்தும் படம் எடு. ஒவ்வொரு கம்பிக்கும் காகிதப் பட்டை ஒட்டு. 50-உம் 150-உம் ஒரே உறைக்குள் இருந்து மூன்று கம்பிகள் வெளியே வரலாம். அதில் எது பொதுக் கம்பி என்று குறித்துக்கொள்ளாமல் வெட்டாதே.

மாற்றுவதாக முடிவானால் அளவு முக்கியம், பெயரும் விலையும் பிறகு. 6 மைக்ரோஃபாரடுக்கு 5 சதவீதப் பிசகுக்குள் அடங்கும் பாலிப்ரோப்பிலீன் பிலிம் கண்டன்சர் போடு. 150-க்குப் பிலிம் வாங்கினால் பருமனும் விலையும் எட்டாத அளவுக்குப் போகும். புதிய இருமுனை எலெக்ட்ரோலிடிக் போதும். 100 வோல்ட் தாங்கினால் தாராளம். கூட்டல், கழித்தல் குறி போட்ட சாதாரண எலெக்ட்ரோலிடிக்கை மட்டும் போட்டுவிடாதே. இசை மின்சாரம் இரு திசையிலும் மாறி ஓடுவதால் அது சூடேறி வெடிக்கக்கூடும். இரண்டு பெட்டிகளின் அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கட்டும். கிராஸ்ஓவரில் உள்ள கம்பிச் சுருள்களான காயில்களுக்கு வயதாவதில்லை, அவற்றைத் தொடாதே.

பிலிம் கண்டன்சரின் உள்தடை மிகக் குறைவு. எலெக்ட்ரோலிடிக்கை மனத்தில் வைத்து அமைத்த சர்க்யூட்டில் அதை 50-இன் இடத்தில் வைத்தால் மிட்ரேஞ்ச் சற்று முன்னே துருத்தலாம். அரை ஓம் அளவுள்ள ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் அது அடங்கும்.

முதலில் ஒரு பெட்டியை மட்டும் முடி. இரண்டுக்கும் மோனோ ஒலியைக் கொடுத்து, ஒன்றை நிறுத்தி மற்றதைக் கேள். தெரிந்த குரலும் தெரிந்த வயலினும் போதும். சரிசெய்தது பளிச்சென்று கேட்டால், அது இழந்தது திரும்பியதா, அளவுக்கு மிஞ்சியதா என்று பொறுமையாக யோசி. மூடும்போது காற்றுக் கசியாமல் விளிம்பில் புதிய புட்டி அடைப்பு வை. கசிந்தால் வில்ச்சரின் காற்று ஸ்பிரிங் வேலை செய்யாது.

இப்போதைக்கு எதுவும் வாங்காதே. இரண்டு பெட்டிகளிலும் உள்ள ஆறு கண்டன்சர்களின் மைக்ரோஃபாரடையும் உள்தடையையும் அளந்து எழுதி அனுப்பு. எவற்றை மாற்ற வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சேர்ந்தே முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் அண்ணன்