டிராக்டர் விளக்குகளுக்குக் கம்பியும் பியூஸும் தெரிந்தெடுத்தல்

அறுவடைக் காலத்தில் மழைக்கு முந்திக்கொள்ள வேண்டி, இரவிலும் டிராக்டரைக் கொண்டு வேலை செய்யும் வழக்கம் குடியானவர்களிடையே பெருகியிருக்கிறது. வண்டியோடு வந்த விளக்குகள் போதாமையால், பின்புற மட்கார்டில் இரண்டு பெரிய ஹாலோஜன் விளக்குகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். விளக்கை நாலு கடை விசாரித்து வாங்குகிறவர்கள், கம்பியை மாத்திரம் வீட்டில் மிஞ்சிக் கிடந்ததைக் கொண்டு இழுத்துவிடுகிறார்கள்.

பாட்டரி 12 வோல்ட்தானே, தொட்டாலும் அதிர்ச்சியில்லையே என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். ஒரே அளவு வேலைக்கு வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் கூடும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. 55 வாட் விளக்கு இரண்டுக்கு 110 வாட். வீட்டின் 230 வோல்ட்டில் இது அரை ஆம்பியருக்கும் குறைவு. 12 வோல்ட்டிலோ 9 ஆம்பியருக்கு மேலாகும். அன்றியும், கம்பி எங்கேனும் இரும்பைத் தொட்டுவிட்டால் பாட்டரி ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த பிர்காவில் அப்படியே நடந்தது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று டிரைவர் அதன் இடத்தில் செம்பு இழையைச் சுற்றி வைத்திருந்தார். மட்கார்டு விளிம்பில் உராய்ந்து கம்பியின் மேலுறை தேய்ந்தது. கம்பி பழுக்கக் காய்ந்து, அங்கே சிதறிக் கிடந்த வைக்கோல் பற்றிக்கொண்டது. டிரெயிலரைக் கழற்றிவிட நேரமிருந்தபடியால் டிராக்டர் தப்பியது. இரண்டு ஏக்கர் வைக்கோல் சாம்பலாயிற்று.

பியூஸ் என்பது விளக்கைக் காக்க வைப்பதென்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பியைக் காப்பதற்கே உள்ளது. ஆகவே முதலில் கம்பியைத் தீர்மானித்து, அக்கம்பி சூடேறாமல் தாங்கும் அளவுக்கு மேற்படாத பியூஸைப் போடவேண்டும்.

கம்பியைத் தீர்மானிப்பதில் ஆம்பியரோடு தூரமும் கணக்கில் சேரும். பாட்டரியிலிருந்து பின்விளக்குக்கு 4 மீட்டரானால், போகவர 8 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இந்தத் தூரத்துக்கு ஒன்றேகால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகும். வோல்ட்டில் பத்திலொரு பங்கு குறைந்தால் ஹாலோஜன் விளக்கின் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விடும். விளக்குக்குக் கொடுத்த பணமும் அதோடு போயிற்று. 2.5 சதுர மில்லிமீட்டரில் நஷ்டம் அரை வோல்ட் அளவே. நான் சிபாரிசு செய்வது இதையே. 4 ஆனால் இன்னும் உத்தமம்.

கடையில் பழைய கணக்கில் 3/22, 7/20 என்று கேட்கும் வழக்கம் உண்டு. முதல் எண் இழைகளின் தொகை, இரண்டாவது கேஜ். கேஜ் எண் ஏற ஏற இழை மெலியும் என்பதை மறந்து ஏமாறுகிறவர் பலர். 3/22 ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர்தான். நம் விளக்குகளுக்குப் போதாது. ஒற்றை இழைக் கம்பி வண்டியின் அதிர்வில் முறிந்துவிடுமாதலால், மெல்லிய இழைகள் பல கூடிய செம்புக் கம்பியே வேண்டும்.

9 ஆம்பியர் ஓட்டத்துக்கு 10 ஆம்பியர் பியூஸ் நெடுநேரம் நில்லாது. நீல நிறமுள்ள 15 ஆம்பியர் தக்கது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி அதற்கு இடங்கொடுக்கும். 30 ஆம்பியர் பச்சைப் பியூஸைச் செருகுவது, அந்த டிரைவர் செம்பு இழை சுற்றியதற்குத் தம்பி முறை. எல்.இ.டி. விளக்கானால் அதில் குறித்துள்ள வாட்டைக் கொண்டு இதே கணக்கைப் போடலாம்.

பியூஸைப் பாட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைக்கவும். விளக்கருகில் வைத்தால் இடையிலுள்ள கம்பிக்குக் காவலில்லை. மட்கார்டில் துளையிட்டுக் கம்பியைச் செலுத்துமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். வேலை தொடங்குமுன் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, முடிந்தபின் மாட்டி, விளக்குகளை அரைமணி நேரம் எரியவிட்டுக் கம்பியையும் பியூஸ் பெட்டியையும் கையால் தொட்டுப் பார்க்கவும். கை பொறுக்காத சூடு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. கம்பி நெடுகச் சுட்டால் கம்பியே மெல்லியது.