பட்டா யார் பேரில்? பட்ஜெட்டில் பெண் உழவரின் பங்கு



இந்த மாதப் பாடம் பட்ஜெட் பற்றியது. "அது சென்னையில, டெல்லியில போடுறது. நமக்கென்ன?" என்று கேட்கலாம். தெளிப்பு நீர்க் குழாய்க்கு மானியம், விதைக்கு மானியம், பயிர்க் காப்பீடு, இயற்கை வேளாண்மைக் குழுவுக்கு உதவி எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 14 முதல் வேளாண்மைக்கென்றே தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. அந்தப் பணம் ஊருக்கு வரும்போது வயலில் பாதிக்கு மேல் வேலை செய்கிற பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது, ஏன் போகாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் இந்தப் பாடம். விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மற்ற மாவட்டத்துக்காரர்கள் தங்கள் ஊரைப் பொருத்திப் பாருங்கள்.

பாலின பட்ஜெட் என்றால் என்ன?

பெண்களுக்குத் தனியாக ஒரு பட்ஜெட் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அரசு செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஆணுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, பெண்ணுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பிரித்துப் பார்த்து, குறை இருந்தால் திட்டம் போடும்போதே சரிசெய்வதுதான் பாலின பட்ஜெட். 1984-ல் ஆஸ்திரேலியாவில் இந்த முறை தொடங்கியது. இந்தியாவில் ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் (1997–2002) பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்ற 'மகளிர் கூறு' வந்தது. 2005-06 முதல் ஒன்றிய பட்ஜெட்டுடன் 'பாலின பட்ஜெட் அறிக்கை' தனியாக வெளியாகிறது.

அந்த அறிக்கையின் முதல் பகுதியில் முழுக்க முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் இருக்கும். இரண்டாம் பகுதியில், ஒதுக்கீட்டில் குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குப் போகும் திட்டங்கள். அதற்கும் குறைவானவை பின்னால் சேர்த்த மூன்றாம் பகுதியில் வரும். 2025-26-ல் மூன்றும் சேர்த்து 4.49 லட்சம் கோடி ரூபாய், மொத்த பட்ஜெட்டில் 8.86 விழுக்காடு என்று காட்டினார்கள்.

தொகை பெரிதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஆண்டுத் தொடக்கத்தில் துறைகள் எழுதித் தருகிற கணக்கு. ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் முழுத் தொகையையும் முதல் பகுதியில் காட்டியபோது, எல்லா வீடும் பெண் பெயரிலா இருக்கிறது என்று பொருளியல் அறிஞர்கள் கேள்வி கேட்டார்கள். ஏட்டில் 'பெண்களுக்கு' என்று எழுதுவது வேறு, பெண்ணின் கைக்குப் போய்ச் சேருவது வேறு. வாய்க்காலில் தண்ணீர் திறந்ததை மட்டும் எழுதிவைத்து, கடைமடை நனைந்ததா என்று பார்க்காத கதைதான்.

நம் மாவட்டத் திட்டத்தில் பெண் எங்கே?

2018-ல் நிதி ஆயோக் நாடு முழுவதும் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் இருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன. மாவட்டத்தின் முன்னேற்றத்தை 100 மதிப்பெண்ணுக்கு அளக்கிறார்கள். உடல்நலம், ஊட்டச்சத்துக்கு 30. கல்விக்கு 30. வேளாண்மை, நீர்வளத்துக்கு 20. மீதி 20 வங்கிச் சேவை, திறன் பயிற்சி, அடிப்படை வசதிகளுக்கு.

இதில் பெண் எங்கே வருகிறார்? உடல்நலப் பகுதியில் கர்ப்பிணிப் பதிவு, மருத்துவமனைப் பிரசவம் என்று வருகிறார். வேளாண்மைப் பகுதியில் நுண்ணீர்ப் பாசனப் பரப்பு, பயிர்க் காப்பீடு, சான்று பெற்ற விதை, மண்வள அட்டை ஆகியவற்றை எண்ணுகிறார்கள். ஏக்கரையும் அட்டையையும் எண்ணுகிறார்களே தவிர, அதில் எத்தனை பெண்ணுக்குப் போனது என்று கேட்பதில்லை. திட்டத்தில் அவர் தாய். உழவராக அவர் பெயர் இல்லை.

கரிசல் காட்டில் நிலைமை என்ன? திருச்சுழி, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் குதிரைவாலி, கம்பு, உளுந்து, பருத்தி என்று எதை எடுத்தாலும் களை எடுப்பது, பருத்தி பறிப்பது, தூற்றிப் புடைப்பது, விதை எடுத்து வைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்திலோ அதே பெண்கள் பட்டாசு ஆலைக்கும் போகிறார்கள், வீட்டில் தீப்பெட்டி வேலையும் பார்க்கிறார்கள். வடகிழக்குப் பருவ விதைப்புக்கு ஆள் வேண்டிய புரட்டாசியில்தான் தீபாவளிக்கான வேலையும் உச்சத்தில் இருக்கும். "காட்டு வேலைக்கு ஆளே வர மாட்டேங்குது" என்று நாம் சொல்கிறோம். மானாவாரிக் காடு கூலி கொடுக்காத நாட்களில் அந்தக் குடும்பத்தை ஓட்டியது எது என்று யோசித்தால் பதில் தெரியும்.

அந்த வேலையின் விலையும் நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2024 மே 9 செங்கமலப்பட்டி என்று வெடிவிபத்துகள் தொடர்கின்றன. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. அப்போது கூலி இழந்த பெண்களுக்குத் திரும்பிப் போக நிலம் சார்ந்த வருமானம் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் படிப்புச் செலவுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் நிதியம், முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அது விபத்துக்குப் பின் வருகிற உதவி. ஆலையைத் தவிர வேறு வழியே இல்லாத நிலை ஏன் வந்தது என்று கேட்பது திட்டமிடுகிறவர்களின் வேலை.

பட்டா என்னும் வாசல்

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வெம்பக்கோட்டை ஒன்றியத்தில் ஒரு சிற்றூர். மூன்று ஏக்கர் மானாவாரி, பட்டா மாமனார் பேரில். மாமனாரும் இல்லை, கணவரும் ஆலை விபத்தில் போய்விட்டார். அந்தம்மாதான் விதைக்கிறார், அறுக்கிறார். பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய் யாருக்கு? நிலம் பதிவில் உள்ளவருக்கு. தெளிப்பு நீர் மானியத்துக்கு என்ன வேண்டும்? சிட்டா. களையெடுக்கும் இயந்திரத்துக்கு? அதுவும் சிட்டா. வேளாண் இயந்திர மானியம் மற்றவர்களுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் சிறு, குறு உழவர்களுக்கும் 50 விழுக்காடு. பெண்ணுக்குக் கூடுதல் மானியம் இருக்கிறது, வாசல் மட்டும் பூட்டியிருக்கிறது.

இது ஒரு ஊர்ச் சங்கதி இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் சாகுபடி நிலங்களை நடத்துகிறவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். பரப்பில் 12 விழுக்காட்டைத் தொடவில்லை.

இன்னொரு முரணும் உண்டு. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், பெண் பெயரிலேயே வருகிறது. பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்பத்துக்கு 5 ஏக்கர் நஞ்சை அல்லது 10 ஏக்கர் புஞ்சைக்கு மேல் இருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடையாது. 12 ஏக்கர் கரிசல் காடு வைத்திருக்கிற வீட்டில் மழை பொய்த்தால் வருமானம் என்ன என்று நமக்குத் தெரியும். விலக்கும்போது அது 'குடும்ப நிலம்'. மானியம் கொடுக்கும்போது 'பட்டாதாரர் நிலம்'. இரண்டு கணக்கிலும் பெண் வெளியே நிற்கிறார்.

நிலத்தின் உரிமையாளர் மட்டுமே உழவர் என்ற கருத்தை 2007 தேசிய உழவர் கொள்கை ஏற்கவில்லை. குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுகிறவர், கூலித் தொழிலாளி எல்லோரையும் உழவர் என்றே அது சொல்கிறது. பெண் உழவருக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2026-ஐ ஐ.நா. அவை 'பன்னாட்டுப் பெண் உழவர் ஆண்டு' என்று அறிவித்திருக்கிறது. அந்தக் கோரிக்கையை மீண்டும் எழுப்ப இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இயற்கை வேளாண்மையில் கூடுகிற வேலை

இது நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி. களைக்கொல்லியை நிறுத்தினோம், நல்லது. களை எடுப்பது யார்? ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் தயாரிக்க 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு வேண்டும். சாணம் அள்ளுவதும் கோமியம் பிடிப்பதும் தண்ணீர் சுமப்பதும் யார்? கடையில் வாங்கிய இடுபொருளை நிறுத்தும்போது அந்த இடத்தை மனித உழைப்பு நிரப்புகிறது. பல வீடுகளில் அந்த உழைப்பு பெண்ணுடையது. "செலவில்லா விவசாயம்" என்று மேடையில் சொல்கிறோம். வீட்டுப் பெண்ணின் வேலை நாளைச் செலவில் எழுதாததால்தான் அது செலவில்லாததாகத் தெரிகிறது.

இதற்கு வழி இயற்கை வேளாண்மையை விடுவதல்ல, அந்த உழைப்பைக் கணக்கில் கொண்டுவருவது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 2,481 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 10,000 உயிர் இடுபொருள் மையங்களும், ஊரில் வழிகாட்ட 30,000 'கிருஷி சகி'களும் அதில் உண்டு. இடுபொருள் மையம் மகளிர் குழு கையில் வந்தால், இப்போது கூலியில்லாமல் நடக்கிற வேலைக்கே விலை கிடைக்கும். ஒரே திட்டம், ஒரே பணம். யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் பாலின பட்ஜெட் இருக்கிறது.

ஊரில் செய்ய வேண்டியவை

1. வேலைக் கணக்கு எழுதுங்கள். ஒரு பயிரை எடுத்துக்கொண்டு உழவு முதல் விதை சேமிப்பு வரை ஒவ்வொரு வேலையையும் யார், எத்தனை நாள் செய்தார் என்று நோட்டில் எழுதுங்கள். மாடு பார்ப்பது, கரைசல் தயாரிப்பது எதையும் விடாதீர்கள். வீட்டுப் பெண்கள் சொல்ல, அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள்.

2. பட்டியலைக் கேளுங்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சென்ற ஆண்டு ஒவ்வொரு திட்டத்திலும் பயன்பெற்ற ஆண் எத்தனை, பெண் எத்தனை, எவ்வளவு தொகை என்று கேளுங்கள். வாய்மொழியாகத் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். மாதாந்திர உழவர் குறைதீர் கூட்டத்திலும் இதே கேள்வியைப் பதிவு செய்யுங்கள்.

3. கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அங்கேதான் ஒப்புதல் பெறுகிறது. கேரளத்தில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், உள்ளாட்சித் திட்ட நிதியில் 10 விழுக்காடு மகளிருக்கென்று கட்டாயமாக்கினார்கள். அதற்கு அடித்தளம் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசியது. நம் ஊரிலும் பெண்கள் முதல் நாளே தனியாகக் கூடிப் பேசி, இரண்டே இரண்டு தீர்மானத்தோடு வரட்டும். உதாரணமாக, மகளிர் குழுவுக்கு வாடகைக் களையெடுப்பான், ஊரணிக்குப் பக்கத்தில் இடுபொருள் கொட்டகை. பத்துக் கோரிக்கை எழுதினால் ஒன்றும் நடக்காது.

4. பெயரைச் சேருங்கள். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், கணவரின் தாய் எல்லோரும் சம உரிமை உள்ள வாரிசுகள். நாம் எடுத்துக்கொண்ட அந்தம்மாவுக்கும், மாமனாரிடமிருந்து கணவருக்குச் சேர வேண்டிய பங்கின் வழியாக உரிமை உண்டு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு உடனே மனுப் போட வேண்டும். பி.எம். கிசானில் 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் கைமாறியிருந்தாலும், வாரிசு வழி வந்திருந்தால் விலக்கு உண்டு. புதிதாக நிலம் வாங்குகிறவர்கள் கவனிக்க: 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம்.

மகளுக்கும் பங்கு உண்டு என்பதை 1989-ல் தமிழ்நாடும், 2005-ல் ஒன்றிய அரசும் சட்டமாக்கிவிட்டன. "விட்டுக்கொடுத்துட்டேன்னு கையெழுத்துப் போடு" என்று தங்கையிடம் கேட்பவர் எந்த அரசும் இல்லை, நாம்தான்.

குழுவில் பேச

• உங்கள் இயற்கை உழவர் குழுப் பட்டியலில் எத்தனை பெண்கள் பெயர் இருக்கிறது? வேலைக் கணக்கோடு அது பொருந்துகிறதா?

• உங்கள் ஊரில் பட்டா இல்லாமல் சாகுபடி செய்யும் பெண்கள் யார் யார்? அவர்களில் பட்டா மாறுதலுக்கு உரியவர் எத்தனை பேர்?

• அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்ப் பெண்கள் வைக்கப்போகும் இரண்டு தீர்மானங்கள் எவை?

மூன்றாவது கேள்விக்கான பதிலைப் பெண்களே எழுதி அனுப்பட்டும். வரும் இதழ்களில் வெளியிடுவோம்.