சாவி பரிமாறும் கோடு எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் சின்னச் சின்னக் கம்பெனிகள் உண்டு. அங்கே புதிதாகச் சேரும் பிள்ளையிடம், "ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோட நம்ம சாஃப்ட்வேரை இணைக்கணும், என்கிரிப்ஷன் பகுதியை நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஒரு மருத்துவமனையின் பதிவு நோயாளியின் சம்மதத்தோடு இன்னொரு இடத்துக்குப் போகும்போது, இரு தரப்பும் டிஃபி–ஹெல்மேன் முறையில் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டம் கேட்கும் படிகள் முழுவதையும் ஒரே வரியில் செய்து தரும் ஃபங்ஷன் பொதுவான கிரிப்டோ லைப்ரரிகளில் கிடையாது. அவை தரும் உறுப்புகளை எடுத்து நீங்களே கோக்க வேண்டும். உறுப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோக்கிற இடத்தில்தான் கோளாறு வருகிறது.

1. யாருடைய பதிவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த மருத்துவமனை, காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது. 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. எச்ஐவி என்றாலே பல இடங்களில் கதவைச் சாத்திய காலத்தில் இங்கே படுக்கை கொடுத்தார்கள். 2004 ஏப்ரலில் எச்ஐவிக்கு அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் கொடுத்த மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. அந்த நோயின் பெயர் வெளியே தெரிந்தால் வாடகை வீடு போகும், வேலை போகும், வீட்டில் பேசி முடித்த கல்யாணம் நிற்கும். சம்மதம் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது என்று 2017-இல் தனிச் சட்டமே வந்தது. உங்கள் கோடு எந்த மருத்துவமனையில் ஓடினாலும், அதன் வழியே போகிற பதிவு அப்படிப்பட்ட ஒருவருடையது என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

2. ஒருமுறை சொந்தமாக எழுதிப் பாருங்கள். அதை மருத்துவமனைக்கு அனுப்பாதீர்கள். விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மேனும் 1976-இல் வெளியிட்ட முறையை, 47 போன்ற சின்னப் பகா எண்ணை வைத்துக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். அடுத்து டேனியல் பெர்ன்ஸ்டைனின் கர்வ்25519 என்ற நீள்வட்ட வளைகோடு. 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7748-இல் சோதனை மதிப்புகள் இருக்கின்றன. ஒரு கணக்கின் விடையையே அடுத்த கணக்குக்குக் கொடுத்து 1 முறை, 1000 முறை, 10 லட்சம் முறை ஓட்டினால் என்ன வர வேண்டும் என்று அதில் அச்சாகியிருக்கிறது. மூன்றும் பொருந்தும்வரை விடாதீர்கள். அந்த உழைப்பில் கிடைக்கிற தெளிவு வேறெதிலும் கிடைக்காது.

விடை சரியாக வந்தபிறகும் அதை ஏன் அனுப்பக் கூடாது என்றால், கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே பிரைவேட் கீயைக் கண்டுபிடிக்கலாம் என்று பால் கோச்சர் 1996-இலேயே காட்டிவிட்டார். சாதாரணப் பெரிய எண் கணக்குகளில் எண்ணுக்கு எண் நேரம் மாறும். அதை மாறாமல் எழுதுவது தனித் தொழில்.

இந்தக் கணிதம் எங்கோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று ஒதுங்கவும் வேண்டாம். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்ரமணியன், நீல் கோப்ளிட்ஸோடு சேர்ந்து 1998-இல் ஒரு முடிவை வெளியிட்டார். தற்செயலாக எடுத்த ஒரு நீள்வட்ட வளைகோடு, எம்ஓவி என்ற தாக்குதல் வழிக்கு இடம் கொடுக்கும் வாய்ப்பு மிக மிக அரிது என்பது அதன் சாரம். தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நடந்த வேலை அது.

3. பெயரை நம்பாதீர்கள், பைட்டை எண்ணுங்கள். திட்டத்தின் ஆவணத்தில் கர்வ்25519 என்று இருக்கும். அதைப் பார்த்ததும், அதே வளைகோட்டுக்கான எக்ஸ்25519 ஃபங்ஷனைத் தேடிப் போவார்கள். பெரும்பாலோர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். திட்டத்தில் புழங்கும் ஃபிடேலியஸ் கருவி, ஜாவாவின் பவுன்சி காசில் லைப்ரரியைக் கொண்டு எழுதப்பட்டது. அதில் இந்த வளைகோடு வயர்ஸ்ட்ராஸ் வடிவத்தில் இருக்கிறது. வளைகோடு ஒன்றுதான், எழுதும் முறை வேறு. எக்ஸ்25519 பப்ளிக் கீ 32 பைட், ஒரே ஆயம், கடைசி பைட்டிலிருந்து தலைகீழாக எழுதுவது. வயர்ஸ்ட்ராஸ் வடிவமோ 65 பைட். முதல் பைட் 04, பிறகு இரண்டு ஆயங்களும் நேர்வரிசையில். பேஸ்64-இல் பார்த்தால் முன்னது 44 எழுத்து. பின்னது 'பி' என்ற பெரிய எழுத்தில் தொடங்கி 88 எழுத்து. எக்ஸ்509 உறைக்குள் வைத்து அனுப்பினால் இன்னும் பல மடங்கு நீளும்.

பைட் வரிசையைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று முயலாதீர்கள், ஆகாது. இரண்டு வடிவங்களுக்கும் இடையே முதல் ஆயத்தில், இந்த வளைகோட்டின் கெழுவான 486662-ஐ அதன் பகா எண் கணக்கில் 3-ஆல் வகுத்து வரும் எண்ணின் வித்தியாசம் இருக்கிறது. பிரைவேட் கீயின் சில பிட்களை எக்ஸ்25519 தானாக மாற்றிக்கொள்ளும், வயர்ஸ்ட்ராஸ் வழி மாற்றாது.

இதைத் தாண்டினால் அடுத்த கோர்வை. இரு தரப்பும் அனுப்பிய 32 பைட் நான்ஸ் இரண்டையும் எக்ஸார் செய்ய வேண்டும். முதல் 20 பைட் எச்கேடிஎஃப்புக்கு சால்ட், கடைசி 12 பைட் பதிவைப் பூட்டும் ஏஇஎஸ்-ஜிசிஎம்முக்கு ஐவி. டிஃபி–ஹெல்மேனில் கிடைத்த பொது ரகசியத்தை எச்கேடிஎஃப் வழியே செலுத்தினால் 32 பைட் சாவி வரும். இதில் எந்தப் படியில் தவறினாலும் பவுன்சி காசில் சொல்லும் பிழைச் செய்தி ஒன்றே: "மேக் செக் இன் ஜிசிஎம் ஃபெயில்ட்". எங்கே தவறு என்று அது சொல்லாது. அதனால் சோதனைக்கென்று ஒரு ஜோடி பிரைவேட் கீ, ஒரு ஜோடி நான்ஸ் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பொது ரகசியம், சால்ட், ஐவி, கடைசிச் சாவி நான்கையும் இரு பக்கமும் அச்சிட்டு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலில் எது மாறுகிறதோ அங்கே பிழை. எச்கேடிஎஃப்பை மட்டும் தனியாக ஆர்எஃப்சி 5869-இன் சோதனை மதிப்புகளோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கணக்கு விவரம் பகிரும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டிலும் இதே கர்வ்25519 வருகிறது. இங்கே கற்றது அங்கேயும் உதவும்.

4. முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தைத் தொலைக்காதீர்கள். பொது ரகசியம் ஒரு பெரிய எண்ணாகக் கையில் வரும். அதை 32 பைட்டாக மாற்றும்போது முதல் பைட் பூஜ்ஜியமாக இருந்தால் சில மொழிகள் அதை விட்டுவிட்டு 31 பைட் கொடுக்கும். இந்த வளைகோட்டில் எண்கள் 255 பிட்டுக்குள் அடங்குவதால், இது ஏறத்தாழ 128-க்கு ஒருமுறை நேரும். பத்து சோதனை ஓட்டிப் பார்த்து "ஓடுது சார்" என்று சொன்ன கோடு, ஓபி வரிசையில் நிற்கும் யாரோ ஒருவருக்குப் பதிவு திறக்காமல் நின்றுவிடும். மறுபடி முயன்றால் திறந்துவிடும் என்பதால் யாரும் காரணம் தேடவும் மாட்டார்கள். தற்செயல் சாவிகளோடு பத்தாயிரம் பரிமாற்றம் ஓட்டும் ஒரு சோதனையைக் கட்டாயம் வைத்திருங்கள்.

5. வந்த புள்ளி வளைகோட்டின்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் பெருக்கினால், எதிராளி வேறொரு பலவீனமான வளைகோட்டின் புள்ளியை அனுப்பி, உங்கள் பிரைவேட் கீயைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டுவிடலாம். 2015-இல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நடைமுறையில் செய்து காட்டினார்கள். பவுன்சி காசிலின் 1.51-க்கு முந்தைய பதிப்புகளில் இந்தச் சோதனை இல்லை. உங்கள் ப்ராஜெக்டில் யாரோ எப்போதோ போட்ட பழைய ஜார் ஃபைல் கிடக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். 2018-இல் புளூடூத்திலும் இதே குடும்பத்துக் குறை வெளிவந்தது. புள்ளி சரியாக இருந்தாலும், பெருக்கிய விடை முடிவிலிப் புள்ளியாக வந்தால் அந்தப் பரிமாற்றத்தை நிராகரித்துவிடுங்கள்.

6. ஒரே சாவி, ஒரே ஐவி, இரண்டு பதிவு: இது நேரவே கூடாது. அனுப்பும் செய்தியின் அமைப்பைப் பாருங்கள். பதிவுகளின் பட்டியல் ஒரு பக்கம், அதற்கு வெளியே சாவி விவரம் ஒன்றே ஒன்று. பட்டியலில் மூன்று பதிவை வைத்து, மூன்றையும் அதே நான்ஸால் பூட்டினால், மூன்றுக்கும் ஒரே சாவி, ஒரே ஐவி. அப்போது இரண்டு மறைகுறிகளை எக்ஸார் செய்தாலே இரண்டு மூலங்களின் எக்ஸார் கிடைத்துவிடும். இந்தப் பதிவுகள் எல்லாமே ஃபயர் ஜேசன் வடிவம், தலைப்பகுதி எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஊகிப்பவருக்கு அது போதும். பதிவைத் திருத்திப் போலி முத்திரை வைக்கவும் வழி பிறக்கும் என்று அந்த்வான் ஜூ 2006-இல் காட்டினார். ஆகவே ஒரு செய்திக்கு ஒரு பதிவு, ஒவ்வொரு செய்திக்கும் புதிய கீ ஜோடி, புதிய நான்ஸ். செய்திகள் கூடும்தான், கூடட்டும்.

7. தற்செயல் எண்ணுக்கு இயங்குதளம் தரும் பாதுகாப்பான ஊற்றை மட்டுமே பயன்படுத்துங்கள். டெபியன் லினக்ஸில் 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் கோடில் செய்த ஒரு சின்ன மாற்றத்தால், 2008-இல் கண்டுபிடிக்கும்வரை, ஒவ்வொரு வகைச் சாவியும் 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிப்போயிற்று. வேலை முடிந்த பிரைவேட் கீயை டேட்டாபேஸில் சேமித்து வைக்காதீர்கள்.

8. டிஃபி–ஹெல்மேன் ரகசியம் தரும். எதிரே இருப்பவர் யார் என்று சொல்லாது. நடுவில் ஒருவன் புகுந்து இரு பக்கமும் தன் பப்ளிக் கீயைக் கொடுத்தால், கணக்கு எல்லாம் சரியாகவே நடக்கும், பதிவு அவன் கையில் இருக்கும். சாவி வந்த கோரிக்கை உண்மையில் திட்டத்தின் கேட்வேயிடமிருந்து வந்ததா, டோக்கனின் கையெழுத்து செல்லுமா, சம்மத ஆவணத்தின் டிஜிட்டல் கையெழுத்து பொருந்துகிறதா, அதன் காலக்கெடு முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள். "டெஸ்டிங்குக்காக" என்று டிஎல்எஸ் சான்றிதழ் சோதனையை அணைத்து வைத்த வரி ஒன்று இருந்தால், அதோடு எதையும் வெளியிடாதீர்கள். டெலிவரி தேதி தள்ளிப்போகும் என்று மேலாளர் சொன்னாலும், இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

9. மூன்றாவதில் அச்சிடச் சொன்னேனே, அந்த வரிகள் சோதனைக் கோப்பில் மட்டும் இருக்கட்டும். பொது ரகசியமும் பிரைவேட் கீயும் சர்வர் லாகில் விழுந்தால், மேலே சொன்ன எதற்கும் பயன் இல்லை.

10. வளைகோட்டின் பெயரைக் கோடு முழுக்கத் தெளித்து வைக்காமல் ஒரே இடத்தில் வையுங்கள். குவாண்டம் கணினியைத் தாங்கும் எம்எல்-கெம் முறையை அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரமாக வெளியிட்டுவிட்டது. நம் திட்டமும் ஒருநாள் மாறலாம். அன்றைக்கு இந்தக் கோடைத் திறக்கப்போவது உங்களுக்குப் பின்னால் வந்து சேரும் இன்னொரு பிள்ளை. எந்த ஆவணத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினீர்கள் என்று தலைப்பில் இரண்டு வரி எழுதி வைத்துவிடுங்கள்.