முதலில் பிரின்டரைக் கேளுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. “பதினொன்று ஏற மாட்டேங்குது, புதுசுதான் வாங்கணுமா?” என்று கேட்பவர்கள் கொடைக்கானல் மலையில் நிறைய. பண்ணைக்காட்டில் காபிக் கணக்கு எழுதுபவருக்கும், மூஞ்சிக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருப்பவருக்கும், மன்னவனூரில் ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. சமவெளியில் டிரைவர் ஒன்று சிக்கினால் அடுத்த தெருவில் ஆள் இருப்பார். இங்கே வத்தலக்குண்டுக்கோ மதுரைக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், ஒரு நாள் பிழைப்பு போய்விடும். அதனால் தப்பான தேர்வுக்கு விலை இங்கே அதிகம்.

என் கட்சி இதுதான்: எந்த விண்டோஸ், எந்த லினக்ஸ் என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். மேசைமேல் இருக்கும் பிரின்டர், விட முடியாத சாஃப்ட்வேர், பழைய ஃபைல்கள் ஆகிய மூன்றும்தான் முதலில் பேச வேண்டும்.

பிரின்டரில் தொடங்குவோம். டிவிஎஸ், எப்சன் டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. அவை பேசும் எப்சன் கட்டளை மொழி எல்லா சிஸ்டத்துக்கும் தெரியும். புதிய பெட்டியில் பேரலல் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி மாற்றுக் கேபிள் ஒன்று போதும். தொல்லை லேசர் பிரின்டர்களில்தான். ஊருக்கு ஊர் காணக்கிடைக்கும் கேனான் எல்பிபி 2900 தானாக எதையும் யோசிக்காது. பக்கத்தைத் தயார் செய்யும் வேலை முழுவதும் கம்ப்யூட்டரில் உள்ள டிரைவருடையது. விண்டோஸில் ஒழுங்காக ஓடும் அதே மெஷின் லினக்ஸில் தலைவலி. எச்பி லேசர்ஜெட் 1020-ம் அந்த வகைதான் என்றாலும், எச்பி தரும் கூடுதல் பிளக்-இன்னை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் லினக்ஸில் வேலை செய்யும். ஸ்கேனரில் கதை தலைகீழ். கேனோஸ்கேன் லைடு 20-க்கு 64 பிட் விண்டோஸ் டிரைவர் வரவே இல்லை. ஆனால் லினக்ஸில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. பரணில் போட்டிருந்தால் இறக்கிப் பாருங்கள்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் பார்க்க வேண்டியது பிட் கணக்கு. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. டாலி பிரைமும் அப்படித்தான். பழைய டாலி இஆர்பி 9 மட்டும் 32 பிட் பெட்டியிலும் ஓடியது. டாஸ் காலத்து பில்லிங் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த வேலையை லினக்ஸிலும் செய்யலாம். இ-சேவை மையம், ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று பிழைப்பு நடந்தால் யோசனையே வேண்டாம், விண்டோஸிலேயே இருங்கள்.

ஃபைல்கள்தான் எல்லாரும் மறந்துவிடும் இடம். பாமினி, வானவில் காலத்தில் தட்டச்சு செய்த ஆவணங்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். எழுத்துரு ஃபைலைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் விண்டோஸோ லினக்ஸோ, இரண்டிலும் படிக்கலாம். இருந்தாலும் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. தமிழக அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. பேஜ்மேக்கர் ஃபைல்கள் இன்னும் பொல்லாதவை. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. இன்டிசைன் சிஎஸ்6 வரை அவற்றைத் திறந்தது, பிறகு அடோபி அந்தக் கதவையும் சாத்திவிட்டது. லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும், ஆனால் பக்க அமைப்பு அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம்.

நம் கொடைக்கானல் வானாய்வகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1904 முதல் கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் பிடித்த சூரியப் படங்களை டிஜிட்டலாக்கியபோது, உலக வானியலாளர்கள் 1981 முதல் பொதுவில் வைத்திருக்கும் ஃபிட்ஸ் வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். எந்தக் கம்பெனி கடையைச் சாத்தினாலும் அந்தப் படங்களைத் திறக்க முடியும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்கும் அந்தப் புத்தி நல்லது: முடிந்த வேலையை பிடிஎஃப்-ஆகவும் சேமியுங்கள்.

இனி வழிகள். விண்டோஸ் 10-லேயே தொடர்வது முதல் வழி. 22எச்2 பதிப்பு இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸைச் சேமிக்கச் சம்மதித்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசம். கேனான் 2900, கைரேகைக் கருவி உள்ளவர்களுக்கு இதுவே சரி. இது தீர்வல்ல, தவணை. அதற்குள் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெலில் குறைந்தது எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். ஐ5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, ஏறாது. ஐ5-8250 ஏறும். சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றித் தரும் கடைகள் உண்டு. தொழில் நடக்கும் பெட்டியில் அதைச் செய்யாதீர்கள். அப்டேட் தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. 24எச்2 பதிப்பு மிகப் பழைய பிராசஸர்களில் பூட்டே ஆகாது.

லினக்ஸுக்கு மிகப் பொருத்தமானவை 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த இலவச லேப்டாப்கள். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது, பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்தது குறைவுதான். தாண்டிக்குடியிலோ பூம்பாறையிலோ ஒரு வீட்டில் அது சும்மா கிடந்தால், 4 ஜிபி ராம் ஆக்கி, ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். படிப்பு, மெயில், ஹோம்ஸ்டே முன்பதிவு எல்லாவற்றுக்கும் இது தாராளம். 2 ஜிபியை மாற்ற முடியாத, 32 பிட் பிராசஸர் பெட்டி என்றால் ஆன்டிஎக்ஸ் போடலாம். அதற்கும் கீழே போய் மல்லுக்கட்டுவது வீண்.

எக்ஸ்பியும் விண்டோஸ் 7-ம்? விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். ஆனால் பேஜ்மேக்கருக்காக மட்டும் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு வைத்திருப்பதில் தவறே இல்லை. டிடிபி கடைகளுக்கு நான் சொல்வது அதுதான்: பழைய வேலைக்கு ஒரு பெட்டி, இணையத்துக்கு வேறொரு பெட்டி.

பழியை சிஸ்டத்தின்மேல் போடும் முன் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அது தீர்ந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், எந்த வெப்சைட்டும் திறக்காது. பேட்டரி மாற்ற வேண்டிய இடத்தில் சிஸ்டத்தையே அழித்து மாற்றியவர்கள் உண்டு.

லினக்ஸ் என்று முடிவானால் பென் டிரைவில் இருந்தே முதலில் ஓட்டிப் பாருங்கள், ஹார்டு டிஸ்கில் ஒன்றும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் ஒரு பக்கமாவது அடிக்கிறதா, பழைய ஃபைல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, எல்லா ஃபைல்களுக்கும் வேறொரு டிரைவில் நகல் எடுத்த பிறகு மட்டும் இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள்.