இரண்டாவது பாதையின் தகுதி



கிளை அலுவலக நெட்வொர்க்குக்கு நீ எழுதிய வடிவமைப்பு அறிக்கையைப் படித்து முடித்தேன். ஈஐஜிஆர்பி என்ற ரூட்டிங் நெறிமுறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஆனால் அறிக்கையில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: "மெட்ரிக்கில் இரண்டாவதாக வரும் பாதையே பேக்கப்."

அப்படியல்ல, தம்பி. உன் அட்டவணையிலேயே பார். எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். முதன்மைப் பாதையின் மொத்தச் செலவு 30. இன்னொரு அண்டை ரூட்டர் தன் தூரம் 40 என்கிறது. அதுவரைக்குமான இணைப்பு 10. ஆக மொத்தம் 50. நீ அதைப் பேக்கப் என்று எழுதிவிட்டாய். அது சொன்ன 40 நம் 30-ஐவிடக் கூடுதல். அந்த ரூட்டர் எங்கெங்கோ சுற்றி நம் வழியாகவே போகிறதோ என்னவோ, அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதே ரூட்டர் 25 என்று சொல்லி, இணைப்பு 40 ஆக இருந்திருந்தால் மொத்தம் 65. செலவு அதிகம்தான், ஆனாலும் அது சொன்ன 25 நம் 30-ஐவிடக் குறைவு என்பதால் லூப் வராது என்பது உறுதி. அதுதான் ஃபீசிபிள் சக்சஸர். ஈஐஜிஆர்பிக்கு அடிப்படையான, கார்சியா-லூனா-அசேவெஸ் வகுத்த டூயல் அல்காரிதத்தின் உயிரே இந்த ஒரு நிபந்தனைதான். தகுதியான பேக்கப் இல்லாவிட்டால் ரூட்டர் அண்டையாரிடமெல்லாம் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்; இயல்பு அமைப்பில் அதற்குக் கெடு 3 நிமிடம். நீ டோபாலஜி அட்டவணையை "ஆல்-லிங்க்ஸ்" போட்டுப் பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டு வெறும் டோபாலஜியைப் பார். உன் பேக்கப் அதில் இருக்காது.

இதைவிட என் மனத்தை அரிப்பது வேறொன்று. இரண்டு இணைப்புகளும் எந்தத் தெரு வழியாக வருகின்றன என்று அறிக்கையில் எங்குமே இல்லை. நான் வேலைக்கு வந்த காலத்தில் கிளைகளுக்கு 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன், பேக்கப்புக்கு ஐஎஸ்டிஎன். ஒரு கிளையில் சாலை தோண்டியபோது இரண்டும் சேர்ந்தே போயின. லைன்மேனோடு நடந்து போய்ப் பார்த்தேன். இரண்டு ஜோடிக் கம்பியும் ஒரே பில்லரிலிருந்து ஒரே நிலத்தடி கேபிளில் வந்திருந்தன. மண்ணுக்குள்ளிருந்து அந்த ஈயக் கேபிளைத் தூக்கி, வெட்டுப்பட்ட முனையை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து, வழியை நடந்து பார்க்காமல் எந்தப் பேக்கப்பையும் நான் நம்பியதில்லை.

பெரிய நெட்வொர்க்குகளுக்கும் இது நடந்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்தன. தனித்தனி கேபிள்கள்தான், ஆனால் கிடந்தது ஒரே கடற்பகுதியில். இந்தியாவிலிருந்து மேற்கே போகவேண்டிய போக்குவரத்தைக் கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்ப வேண்டியதாயிற்று. இணையப் பாதைகளைத் தேர்ந்தெடுக்கும் பிஜிபி பார்ப்பது லோக்கல் பிரிஃபரன்ஸ், ஏஎஸ் பாத் நீளம் போன்றவற்றைத்தான். கடலின் அடித்தரை அதற்குத் தெரியாது. ஒரே இடரைப் பகிரும் இணைப்புகளைக் குறிக்க ஓஎஸ்பிஎஃப்பில் எஸ்ஆர்எல்ஜி உண்டு. ஆனால் எந்தக் கேபிள் எந்தக் குழியில் கிடக்கிறது என்ற விவரத்தை மனிதர்கள்தான் கொடுக்க வேண்டும்.

உன் சோதனைப் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அபாரம்! ரூட்டரின் போர்ட்டில் கேபிளைப் பிடுங்காமல், நடுவிலிருக்கும் சுவிட்சுக்கு அப்பால் பிடுங்கியிருக்கிறாய். போர்ட் உயிரோடு இருக்கும், பாதை செத்திருக்கும்; ஹோல்டு டைமரின் 15 விநாடி முடியும்வரை ரூட்டருக்கு விஷயமே தெரியாது. சோதனையில் வந்த 13 விநாடித் துண்டிப்பை மறைக்காமல் எழுதி, இதை விரைவாகக் கண்டறிய பிஎஃப்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் வயதில் இப்படிச் சோதித்த வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

உன் அறிக்கையிலுள்ள நான்கு கிளைகளுக்கும் நேரில் போ. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலிருந்து தெருமுனை வரை நடந்து, வரைபடம் போட்டு அறிக்கையோடு இணை. அது இல்லாமல் இதில் கையெழுத்துப் போடாதே.