பவர் எழுதுமுன் கண்ணைத் தளர விடுங்கள்

பத்து வயதுப் பையனைக் கம்ப்யூட்டர் மெஷின் முன்னால் உட்கார வைக்கிறீர்கள். சீட்டில் –2.00 என்று வருகிறது. சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மைனஸைக் காணோம். சில பிள்ளைகளுக்கு பிளஸ்ஸில் கூட நிற்கும். மெஷின் பழுது இல்லை. உள்ளே தெரியும் பலூன் படம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பையனுக்குத் தெரிகிறது. அவன் கண் கிட்டத்தில் குவிகிறது, அந்தக் குவிப்பும் பவரோடு சேர்ந்து பதிவாகிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் விழி ஏற்பமைவு என்று படித்தோமே, அதுதான் இது. குழந்தைகளுக்கு இந்தத் திறன் மிக அதிகம். அதனால் மெஷின் சீட்டை மட்டும் வைத்துக் குழந்தைக்குக் கண்ணாடி எழுதவே கூடாது. பவர் பார்க்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, கண்ணாடி இல்லாமல் பார்வை எவ்வளவு என்று ஒவ்வொரு கண்ணாகக் குறிப்பது. சார்ட் 6 மீட்டரில் இருக்க வேண்டும். அறை சிறியதென்றால் 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, அதில் தெரியும் பிம்பத்தை வாசிக்கச் சொல்லலாம். குழந்தை கண்ணை விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்க்கும். உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஈ சார்ட்டைக் காட்டி, "கால் எந்தப் பக்கம் கண்ணு, கையால காட்டு" என்று கேட்டால் போதும். பார்வை குறைவாக இருந்தால் ஊசித்துளைத் தட்டு வையுங்கள். அதில் தெளிந்தால் பெரும்பாலும் பவர் குறைதான். தெளியாவிட்டால் காரணத்தை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது குவிப்புத் திறன். இதைச் சொட்டு மருந்துக்கு முன்பே அளந்துவிட வேண்டும், மருந்து விட்டபின் அளக்க ஒன்றும் இருக்காது. மாறுகண் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். தூரத்துக்கான கண்ணாடி இருந்தால் அது போட்டிருக்கட்டும். ஒரு கண்ணை மூடி, சிறிய எழுத்து அட்டையை 40 செ.மீ.யிலிருந்து மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். எழுத்து கலங்கி, முயன்றாலும் மறுபடி தெளியாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடி உட்காரும் இடத்திலிருந்து ஸ்கேலால் அளங்கள். 100-ஐ அந்த செ.மீ.யால் வகுத்தால் டயாப்டர் கிடைக்கும். 8 செ.மீ. என்றால் 12.5. இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கு ஹாஃப்ஸ்டெட்டர் கணக்கு கைகொடுக்கும்: 15-லிருந்து வயதில் கால் பங்கைக் கழியுங்கள். பத்து வயதுக்கு 12.5, நாற்பதுக்கு 5. பத்து வயதுப் பிள்ளை 15 செ.மீ.யிலேயே கலங்குகிறது என்றால் சுமார் 6.7தான், படிக்கும்போது தலைவலி என்று அது சொல்வதை நம்புங்கள். "தெரியுதா?" என்று கேட்டால் பிள்ளைகள் நம்மைத் திருப்திப்படுத்த "தெரியுது" என்பார்கள். அதனால் எழுத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி சொட்டு மருந்து. டாக்டர் எழுதியதைத்தான் விட வேண்டும். பெரும்பாலும் 1% சைக்ளோபென்டோலேட்: ஒரு சொட்டு, ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று, பிறகு 30 முதல் 45 நிமிடம் காத்திருப்பு. விட்டதும் மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். எரியும், வெளிச்சம் கூசும், அன்று கிட்டத்தில் வாசிக்க முடியாது என்று தாயிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாறுகண் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு அட்ரோபின் களிம்பை வீட்டில் மூன்று நாள் போட்டுவரச் சொல்வார்கள். முகம் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் வர வேண்டும். நம்முடையதைப் போன்ற கருவிழிகளில் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். கண்மணி விரிந்ததைப் பார்த்ததும் அவசரப்பட்டுவிடுகிறோம். கண்மணி விரிந்ததாலேயே குவிப்பும் தளர்ந்துவிட்டது என்று ஆகாது.

அறையை இருட்டாக்கி ரெட்டினோஸ்கோப்பை எடுங்கள். 67 செ.மீ. தள்ளி அமர்ந்தால் 1.50, 50 செ.மீ. என்றால் 2.00 கழிக்க வேண்டும். ஒளிக்கோட்டை அசைக்கும்போது கண்மணிக்குள் தெரியும் வெளிச்சம் கூடவே வந்தால் பிளஸ் லென்ஸ், எதிராக ஓடினால் மைனஸ். அசைவே இல்லாமல் கண்மணி முழுக்க நிறைந்து நிற்கும்வரை மாற்றுங்கள். 67 செ.மீ.யில் +3.50-இல் நின்றால் உண்மைப் பவர் +2.00. நேர், குறுக்கு இரண்டு திசையிலும் தனித்தனியாகப் பாருங்கள், வித்தியாசம்தான் சிலிண்டர். கோடு சாய்ந்து தெரிந்தால் அந்தச் சாய்வோடு திருப்பிக்கொள்ளுங்கள். உள்நோக்கிய மாறுகண்ணுக்கு இங்கே கிடைத்த பிளஸ்ஸைப் பொதுவாக முழுதாகக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு மருந்தின் வேகம் தீர்ந்தபின் மறுபடி வரவழைத்துப் பார்த்து எழுதுவதே நல்லது.

பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொட்டு மருந்து தேவைப்படாது; பிளஸ்ஸைக் கூட்டிச் சார்ட்டை வேண்டுமென்றே மங்கலாக்குங்கள். பிறகு 0.25, 0.25 ஆகக் குறைத்து, கடைசி வரி முதலில் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். மைனஸைக் கூட்டக் கூட "பளிச்னு இருக்கு" என்பார்கள். எழுத்து கறுத்துச் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். கூடுதலாக ஓர் எழுத்து வாசித்தால் மட்டும் கொடுங்கள். சர்க்கரை கூடியிருக்கும்போது பவர் ஏறி இறங்கும். அது கட்டுக்குள் வந்து நிலைத்தபின் வரச் சொல்லுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களின் வெள்ளெழுத்துக்கு வயதை மட்டும் பார்த்துப் பவர் கொடுப்பது சரியில்லை. என்ன வேலை என்று கேட்டு, அந்தத் தூரத்தை டேப்பால் அளங்கள். பூக்கட்டும் அம்மா ஒருவருக்குக் கிட்டத்தில் கலங்கும் இடம் 33 செ.மீ. என்றால் மிச்சமிருக்கும் குவிப்பு 3.00. அதில் பாதியைத்தான் நாள் முழுக்கச் சிரமமில்லாமல் பயன்படுத்த முடியும், அதாவது 1.50. பூவை அவர் அதே 33 செ.மீ.யில் பிடிக்கிறார், தேவை 3.00. ஆகவே +1.50 கூட்ட வேண்டும். அதே வயதில் புத்தகத்தை 40 செ.மீ.யில் பிடிப்பவருக்கு +1.00 போதும். ட்ரையல் ஃபிரேமில் போட்டு அவர் கையில் நூலையும் பூவையும் கொடுத்துப் பாருங்கள்.

சீட்டில் பவரோடு, மருந்து விட்டுப் பார்த்ததா, விடாமலா, எந்த மருந்து, கிட்டப் பவர் எத்தனை செ.மீ.க்கு என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை பார்ப்பவர் உங்கள் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட அது இல்லாமல் முடியாது.