கணினியின் முகவரியைப் பார்ப்பது எப்படி?

போன வெள்ளிக்கிழமை நம்ம கணினி அறையில் ஜன்னல் ஓரத்து மூன்று கணினியிலும் நெட் வரவில்லை. உதவித்தொகை விண்ணப்பம் ஏற்ற அன்றுதான் கடைசி நாள். பத்தாம் வகுப்பு அக்காமார் பன்னிரண்டு பேர் நிற்கிறாங்க, ஓடுவது சுவரோரத்தில் இரண்டே கணினி! "மூணும் கெட்டுப்போச்சு டீச்சர்" என்றோம். டீச்சர், "முதல்ல அட்ரஸைப் பாருங்க" என்றார்.

எப்படிப் பார்ப்பது? ஸ்டார்ட்டை அமுக்கி செட்டிங்ஸ் போகணும். அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட். ஒயர் இருந்தால் ஈதர்நெட், இல்லாவிட்டால் வைஃபை. இணைப்பைச் சொடுக்கிக் கீழே இறக்கினால் ஐபிவி4 அட்ரஸ் என்று இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இடம் கொஞ்சம் மாறும். எனக்குப் பிடித்தது வேறு வழி. தேடும் கட்டத்தில் சி, எம், டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் கறுப்புப் பெட்டி வரும். அதில் ஐபிகான்ஃபிக் (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி) என்று அடித்தால் போதும். பழைய விண்டோஸிலும் இது வேலை செய்யும்.

முகவரியில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சுவரோரக் கணினியில் 192.168.1.14 என்று இருந்தது. இது ரௌட்டர் கொடுக்கிற எண், நம்ம அறைக்குள் மட்டும்தான் செல்லும். வீட்டில் 'பாப்பா' என்று கூப்பிடுகிற மாதிரி. ஊர் முழுக்க எத்தனையோ பாப்பா உண்டுதானே!

ஜன்னலோரத்து மூன்றிலும் 169.254 என்று ஆரம்பித்தது. ரௌட்டரிடம் எண் கேட்டு, பதில் வராததால், கணினி தானாகவே வைத்துக்கொண்ட எண்ணாம் அது. கணினியின் ஒயரே கழன்றிருந்தால் எண்ணே வராது, மீடியா டிஸ்கனெக்டட் என்றுதான் காட்டும். அப்போ கணினியிலும் கோளாறு இல்லை, அதன் ஒயரிலும் இல்லை. அதற்கு அப்பால்தான்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். மேசைக்கு அடியில் அந்த மூன்றும் சேருகிற ஸ்விட்ச் பெட்டி. அதிலிருந்து ரௌட்டருக்குப் போகும் ஒயர் கழன்று கிடந்தது. காலையில் அங்கே பெருக்கினது நான்தான். விளக்குமாறு இழுத்திருக்கும். டீச்சரிடம் சொல்லிட்டேன், திட்டவில்லை. சொருகிவிட்டுக் கணினியை அணைத்துப் போட்டதும் 192.168.1.17 வந்தது! ஐந்து மணிக்குள் பன்னிரண்டு பேரும் ஏற்றிட்டாங்க.

கடைசி எண் நாளைக்கு 17 இல்லாமல் வேறாக இருக்கலாம், பயப்படாதீங்க. மாறாதது பிசிக்கல் அட்ரஸ். அது நெட்வொர்க் கார்டு செய்யும்போதே வைத்த 12 எழுத்து. ஐபிகான்ஃபிக் பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஆல் (ஏ, எல், எல்) என்று அடித்தால் அதுவும் தெரியும்.

– 9ஆம் வகுப்பு மாணவி